பந்தல் பிரித்த கல்யாணம்

கல்யாண வீட்டுக்குப் போய் மணமக்களைப் பார்க்காமல் பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிற ஒரே மனிதர், புதுக்கோட்டை மாவட்டத்திலேயே எங்கள் கீத்து மாமாதான். வேலை, சாலைப் பணியாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், எங்களுக்குத் தெரியாது.

திருவரங்குளத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும் ரோடு, கண்மாய்க்கரை மேல் ஏறி இறங்கும். மழை பெய்தால் கரைச் சரிவின் செம்மண் கரைந்து, ரோட்டின் ஓரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கான்ட்ராக்டர் வந்து மண்ணைக் கொட்டுவார். அடுத்த மழைக்கு மண்ணும் இருக்காது, கான்ட்ராக்டரும் இருக்க மாட்டார். மினிபஸ்ஸும் வராது.

மாமா சரிவில் வரிசையாக வெட்டிவேர் நட்டார். வேர் பிடிக்கும்வரை மண்ணை மூட வேண்டுமே, அதற்குப் பந்தலில் பிரித்த பழைய தென்னங்கீற்றைப் பரப்பிக் குச்சி அடிப்பார். கீற்று கேட்க மட்டும் அவருக்கு நேரம் காலமே கிடையாது. என் பெரியப்பா இறந்த அன்று மாலையோடு வந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "பந்தலை என்னைக்குப் பிரிப்பீங்க மாப்ள?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மாலையை அவர் கழுத்திலேயே போட்டிருப்பேன்.

சரிவில் யாரும் கால் வைக்கக் கூடாது. ஆடு மேய்க்கிற பொம்பளையிடம், "ஏத்தா, ஒன் ஆட்டுக்கு வேற ஊரே கெடைக்கலையா? அங்கிட்டு ஓட்டு" என்பார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் அவர் மகள் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் மீமிசல். முதல் பந்தி நடக்கும்போது மேற்கே கறுத்தது. கரைச் சரிவில் புதிதாக நட்ட பகுதி மூடாமல் கிடந்தது. சம்பந்தி ரசத்துக்குக் கை குவித்தபோது தலைக்கு மேல் வானம் தெரிந்தது. மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பந்தல் மேல் நின்று கீற்றை உருவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, சாப்புட்டுக்கிட்டு இருக்கோம்ல?" என்றார் சம்பந்தி.

"எலையத் தூக்கிக்கிட்டு உள்ள போங்க சம்பந்தி. தலை நனைஞ்சா தொவட்டிக்கலாம். ரோடு போச்சுன்னா புள்ளைய எப்புடிக் கூட்டிட்டுப் போவீங்க?"

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அப்படியே நானும் ஒரு கட்டுக் கீற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

விடிய விடிய மழை. காலையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிய வேன், கரை மேல் ஏறிச் சுகமாகப் போனது. மகள் கையாட்டியதை மாமா பார்க்கவில்லை. சக்கரம் போகிற ஓரத்தைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேன் மறைந்த பிறகு, யாரையும் கால் வைக்க விடாத அந்தச் சரிவில் தானே உட்கார்ந்து அழுதார்.

அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம், டவுனில் ஏசி மண்டபம். ஆனாலும் வீட்டு வாசலில் பெரிதாகக் கீற்றுப் பந்தல் போடச் சொல்லியிருக்கிறேன். மாமா வந்தால் அண்ணாந்து பார்க்க ஏதாவது வேண்டுமே.