டாலரன்ஸ் சாரின் பிரஷர்

ஓசூரில் டாலரன்ஸ் சார் குறை சொல்லாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. முப்பது வருஷம் கம்பெனியில் தரச்சோதனை பார்த்தவர். ஒரு பாகம் அளவில் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்ற வரம்புக்கு அங்கே டாலரன்ஸ் என்று பெயர். ரிட்டயரான பிறகும் அவர் அந்த வார்த்தையை விடவில்லை. அது அவர் பெயராகவே ஆகிவிட்டது. டீக்கடையில் வடையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ஓட்டை சென்டர்ல இல்லீங்களே. ரிஜெக்ட்!" என்பார். கடைக்காரரும் சளைக்காமல் வேறு வடை எடுத்துக் கொடுப்பார்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த எனக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர். என் வாசல் கேட் சாய்ந்திருப்பதை வாரம் ஒருமுறை நினைவூட்டுவார்.

அறுபத்தைந்து வயதில் அவருக்குப் பிரஷர் என்று டாக்டரம்மா சொன்னார். எடையைக் குறைத்தால் இறங்கலாம் என்றும் சொன்னார். "அப்போ மூணு மாசம் டைம் குடுங்க மேடம், மாத்திரை இல்லாமயே குறைச்சுக் காட்டறேன்" என்று சவால் விட்டு வந்தார் சார்.

மறுநாளிலிருந்து ஏரிக்கரையில் நடை. துணைக்கு நான். வீட்டில் சோறு டம்ளரில் அளந்து விழுந்தது. "இது மனுசன் திங்கிற சோறா, காக்காவுக்கு வெக்கறதா?" என்று அவர் மனைவி சாவித்திரி அம்மா அழாத குறை. லேசான பிரஷர் அவருக்கும் உண்டு; கணவரை விட்டுவிட்டுச் சாப்பிட மனம் வராமல் தானும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

மூன்று மாதத்தில் சார் பத்து கிலோ இளைத்தார். பேன்ட்டை ஒரு கையால் பிடித்தபடி நடந்தார். சாவித்திரி அம்மா இளைத்தது மூன்றே கிலோ.

இரண்டு பேருக்கும் டாக்டரம்மா பிரஷர் பார்த்தபோது நான் கூட இருந்தேன். அம்மாவுக்கு அழகாக இறங்கியிருந்தது. சாருக்கு அசையவே இல்லை.

"மெஷின் கோளாறுங்க மேடம்."

வேறு மெஷின் வந்தது. அதுவும் அதையே சொன்னது. மூன்றாவதும் அப்படியே.

"நீங்க இளைச்சது வீணில்லைங்க. முட்டிக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனா எடை குறைஞ்சா எல்லாருக்கும் பிரஷர் ஒரே மாதிரி இறங்கறதில்லை. பரம்பரைக்கும் அதுல பங்கிருக்கு. உங்க வீட்ல யாருக்காவது இருந்துச்சா?"

"அப்பா பக்கவாதத்துல போனாருங்க" என்றவர் சற்று யோசித்தார். "அப்போ எங்க வீட்டு பேட்ச்சே இப்படித்தானுங்களா மேடம்?"

டாக்டரம்மா சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

"இதே பேட்ச்ல இன்னொரு பீஸ் தளியில இருக்குதுங்க" என்றார்.

மறுநாள் காலை, புதிதாக வாங்கிய பிரஷர் மெஷினோடு என்னையும் இழுத்துக்கொண்டு தளி பஸ் ஏறினார். தங்கை ரத்னம்மா ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யோ, ஏனாய்த்து அண்ணா? என்ன ஆச்சு? இப்படி எளச்சுப் போய்ட்டே!"

"கையை நீட்டு."

"எனக்கு எதுக்கு? நான்தான் குச்சியாட்டம் இருக்கேனே."

பட்டையைச் சுற்றினார். எண் அவருடையதையும் தாண்டி நின்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை பார்த்தார். அவர் ஒரு கருவியைச் சந்தேகப்படாததை அன்றுதான் பார்த்தேன்.

"தலை வலிக்குதா ரத்னா?"

"வெயில்ல நின்னா யாருக்கு வலிக்காது? இந்தப் பூவை வெட்டிட்டு வர்றேன், இரு."

"பூ கெடக்கட்டும்டி! பஸ் ஏறு!"

அவர் குரல் உடைந்துபோயிற்று. ரத்னம்மா அண்ணனை ஒரு நிமிஷம் பார்த்தார். கத்திரியை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

ரத்னம்மாவை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அப்பாவுக்கு வந்ததே வந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. சார் தன் மாத்திரைச் சீட்டுக்கும் கையை நீட்டினார்.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் போன் ஸ்பீக்கரில் போகிறது.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன் அண்ணா."

"பொய். தண்ணி குடிக்கிற சத்தமே கேக்கலை."

"இரு, குடிக்கறேன், கேளு."

மடக் மடக்கென்று தளியில் தண்ணீர் இறங்கும். அதைக் கேட்ட பிறகுதான் சார் தன் மாத்திரையை விழுங்குவார்.

என்றைக்காவது ஏழு மணி தாண்டியும் அந்தக் குரல் கேட்கவில்லை என்றால், காப்பியை அப்படியே வைத்துவிட்டு மதிலோரம் போய் நின்றுவிடுகிறேன்.