புதுப்பிப்புக் கோப்பை முற்றுகையிட்ட படலம்

சுட்டியைச் செங்கோலாய் ஏந்தியவனும், கணினிமேசைச் சுழல்நாற்காலியைத் தேராய்ச் செலுத்துபவனும், செய்முறைக் குறிப்பு எதையும் வாசித்தறியாத வெற்றித் திருமுகத்தோனும், பாத்திரக்கடைக் குலத்தில் மூன்றாந் தலைமுறையாய் உதித்த வெண்கல மார்பனுமாகிய எங்கள் தலைவன் வாழ்க! அவன் தொந்தி வாழ்க! அத்தொந்தி மேசையில் முட்டுவதால் விசைப்பலகைக்கு ஒரு முழம் தள்ளியே அமரும் அவன் அடக்கம் வாழ்க! இத்தலைவன் வேறெவனுமல்லன், நானேதான். தன் புகழைத் தானே பாடுவது அழகோ என்பீராயின், பிறர் எவரும் பாட முன்வரவில்லை. சரக்கு தேங்கிக் கிடக்கையில் கடைக்காரனே தெருவில் நின்று கூவுவதில் குற்றமென்ன?

போர் மூண்ட காரணம் கேளீர். தலைவனின் ஒரே மகள் கட்டட வரைகலை பயின்றவள்; அவளுக்கு அன்று மாலை நான்கு மணிக்கு நேர்காணல். ஓராண்டாய் அவள் ஏங்கிக் காத்திருந்த அலுவலகம் அது. காணொளி வழியே முகங்காட்டித் தன் வரைபடங்களை அகன்ற திரையில் விரித்து விளக்கவேண்டும்; கைப்பேசி அதற்குப் போதாது. மூன்று மணிக்கு வீட்டுக் கணினியை எழுப்பினால், காணொளிச் செயலியோ தான் பழசாகிவிட்டதாகவும், புதுப்பித்தாலன்றி வாய் திறவாதெனவும் விரதம் பூண்டு நின்றது. புதுப்பிப்புக் கோப்பை மகள் தரவிறக்கி வைத்தாள். சட்டைக்கு இன்னும் இஸ்திரி போடவேண்டியிருந்ததால், மீதி வேலைக்குத் தயங்கித் தயங்கித் தந்தையை நோக்கினாள்.

"நீ போய் ரெடியாகும்மா. இதெல்லாம் அப்பாவுக்கு ஜுஜுபி!" என்று முழங்கினான் தலைவன்.

மூன்றேகால். முதற்போர். ஆள்காட்டி விரலை ஓங்கிக் கோப்பின் தலைமேல் இருமுறை தட்டினான். உடனே திரை முழுதும் கார்சூழ்ந்த வானென இருண்டது. அவ்விருள் நடுவே அடைத்த கோட்டைவாயில் போல் ஒரு பெட்டி எழுந்து ஏதோ வினவிற்று. தலைவன் கண்ணிமையாது அதற்குரிய மறுமொழியை அழுத்தி, கைகளை மார்பின்மேல் கட்டி, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, எனக்கொன்றும் அவசரமில்லை என்பான் போல் மோட்டுவளையை நோக்கி அமர்ந்தான். பெட்டி மறைந்தது. இருள் விலகிற்று. கோப்பு மட்டும் திறக்கவில்லை.

பின்னும் தட்டினான், பின்னும் இருண்டது, பின்னும் விடையிறுத்தான், பின்னும் மோட்டுவளை. சினம் தலைக்கேற, அக்கோப்பை மீண்டும் தரவிறக்கி, அதுவும் பணியாதது கண்டு மற்றொன்று தரவிறக்கி, அடைப்புக்குறிக்குள் ஒன்று, இரண்டு, மூன்றென்று நெற்றியில் எண் பொறித்த ஏழு அரக்கர் ஒரே முகத்தோடு திரையில் அணிவகுக்கக் கண்டு, ஒருவனுக்குப் பெயர் மாற்றியும், ஒருவனை வேறு உறையில் சிறையிட்டும், இருவரைக் குப்பைத்தொட்டிக்கு நாடுகடத்தியும், சுட்டியின் வயிற்றைத் துண்டால் துடைத்தும், இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கிச் செருகியும், ஈற்றில் கணினியையே அணைத்து உயிர்ப்பித்து ஆறு நிமிடங்களைப் பலிகொடுத்தும், தலைவன் ஆற்றிய அருஞ்சமரை விரிப்பின் ஏடு கொள்ளாது. சுருக்கின், ஒன்றும் நடக்கவில்லை.

அவ்வேளை ஈரத்துணி வாளியோடு அவ்வழி வந்தாள் இல்லத்தரசி.

"இன்னும் திறக்கலையா? என் தம்பிக்கு ஒரு போன் போட்டா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுவான்."

கணினி பழுதுபார்க்கும் மைத்துனனின் பெயர் காதில் வீழ்ந்ததும் தலைவன் மீசை துடிக்க எழுந்து வஞ்சினம் உரைத்தான்: "உன் தம்பி இந்த வாசப்படியை மிதிச்சா, இனிமே இந்த மௌஸை நான் தொடமாட்டேன்!"

"அது எல்லாருக்கும் நல்லதுதானே."

உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது. "அப்பா, இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு." அக்குரல் நடுங்கிற்று. ஏழு அரக்கருக்கும் அஞ்சாத தலைவன் தொந்தி முட்டுமளவும் நாற்காலியை மேசைக்கு இழுத்தான்.

வாளியை இறக்கி வைத்தாள் இல்லத்தரசி. "எங்கே, என் எதிர்ல ஒரு தடவை செய்ங்க."

தட்டினான். இருண்டது. பெட்டி எழுந்தது. தலைவன் அழுத்தினான், கைகட்டினான், மோட்டுவளை நோக்கினான்.

"இப்போ என்னத்தை அழுத்தினீங்க?"

"இல்லைன்னு."

"அது என்ன கேட்டுச்சு?"

"உள்ளே வந்து மாத்தம் பண்ணலாமான்னு."

"அதுக்கு எதுக்கு இல்லைன்னீங்க?"

"முதல் தடவை கேக்கும்போதே யாராவது சரின்னு சொல்வாங்களா?"

அறிக, உலகீர்! பேரத்தில் எதிராளி விலை சொல்ல வாய் திறந்ததும் வேண்டாமென்று மொழிதலும், எழுந்து பத்தடி நடத்தலும், 'அண்ணே, நில்லுங்கண்ணே' என்ற ஓலம் முதுகில் படுமளவும் திரும்பாதிருத்தலும் பாத்திரக்கடைக் குலத்தின் குலையாத மரபு. தலைவனின் தந்தை, அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்த மருத்துவரிடமே முதலில் மாட்டேனென்று சொல்லிப் படியிறங்கியவர். அக்குருதி வழிவந்த தலைவன் அன்று பதினான்கு முறை இல்லையென்று இயம்பி, பதினான்கு முறையும் கணினி இறங்கிவருமென்று காத்திருந்தான்.

"அது கடைக்குச் சரக்கு விக்க வந்த ஆள் இல்லைங்க. திரும்பக் கூப்பிடாது," என்று இல்லத்தரசி ஈரக்கையைப் புடவையில் துடைத்து, தலைவனின் தோளுக்கு மேலாக நீட்டி, ஆம் என்பதை அழுத்தினாள்.

கோட்டை திறந்தது! பச்சைக்கோடொன்று வெற்றிக்கொடி போல் இடமிருந்து வலமாய் ஊர்ந்தது. தொண்ணூற்றொன்பதில் நின்று மூச்சு வாங்கிற்று. மூன்று ஐம்பத்திரண்டுக்கு, இப்போதே மறுதொடக்கம் செய்யலாமா என்றொரு வினா எழ, தலைவனின் விரல் தன்னையறியாது 'பிறகு' நோக்கிப் பாய, இல்லத்தரசி அக்கையை மேசையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு 'இப்போதே' என்பதை அழுத்தினாள்.

மூன்று ஐம்பத்தொன்பது. கணினி மீண்டெழ, செயலி விரதம் முடித்து வாய் திறந்தது. மகள் வந்தமர்ந்தாள். நான்கு மணி. திரையில் அலுவலகத்தார் மூவர் புன்னகையோடு தோன்றினர். அவர்கள் கண்ட முதற்காட்சியே தன் வெற்றிக்கோலமாக வேண்டுமென்று, இடுப்பில் கைவைத்து, வெண்கல மார்பை விம்மவிட்டு, மகளின் பின்னே குன்றென நின்ற தலைவன், எழுமுரசு முழங்க, எண்டிசையும் கேட்க, வாகையுரை நிகழ்த்தத் தொண்டையைக் கனைத்தான்.

"அப்பா, கொஞ்சம் தள்ளுங்க, தொப்பை தெரியுது," என்றாள் மகள் உதடசையாமல்.

தள்ளிக்கொண்டேன்.