கதவுக்கு முட்டுக்கொடுத்த எடைக்கல்

எடை விஷயத்தில் என்னை ஏமாற்ற உடும்பஞ்சோலையில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. ஏலக்காய்க் கடையில் எடை போடுவது என் வேலை. சாக்குக்குள் ஈரக்காய் இருக்கிறதா, அடியில் கல் கிடக்கிறதா, தூக்கும்போதே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நானே எடையில் கள்ளத்தனம் செய்வதென்று தீர்மானித்தேன்.

காரணம் குடல். புற்றுநோய் இருந்த துண்டை வெட்டி எடுத்தார்கள். அதோடு என் உடம்பில் பாதியும் போய்விட்டது போலிருந்தது. வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லும் பின்சி மேடம் என் மனைவி பூமாரியிடம் தெளிவாகச் சொன்னார்: “குழைஞ்ச சோறு, அவிச்ச முட்டை, அவிச்ச மீன். கொஞ்சங் கொஞ்சமா, நாளைக்கு ஆறு வேளை. கப்பைக்கிழங்கும் காந்தாரி மிளகாயும் இப்ப வேண்டாம். புண் ஆறணும்னா எடை கூடணும்.”

பூமாரி தன் பங்குக்கு ஒரு சட்டம் சேர்த்தாள். எடை கூடினால்தான் கடைக்குப் போகலாம்.

எனக்கோ பசியே இல்லை. நான் முட்டையைப் பார்த்தால் முட்டையும் என்னைப் பார்த்தது. கடையில் எனக்குப் பதிலாக எடை போட வந்த சுவக்கீன் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்ற கவலை வேறு. ஆகவே முட்டையெல்லாம் ஜன்னல் வழியாக எங்கள் நாய் கைசருக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்கும் நாள். அடுப்படிக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க, பழைய இரும்பு எடைக்கல் ஒன்றை முட்டுக்கொடுத்திருந்தோம். ஒரு கிலோ. அதை எடுத்து வேட்டிக்கடியில் பட்டாபட்டி டிராயர் பையில் போட்டுக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன்.

“ஏங்க, ஒரு கிலோ கூடிருக்கு!”

“பின்னே? உன் கைப்பக்குவம்னா சும்மாவா புள்ள?”

“ஏன் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிறீங்க?”

“தையல் இழுக்குது.”

டமார்! அடுப்படிக் கதவு.

“என்னா காத்து!” என்றேன்.

“ஆமா, என்னா காத்து,” என்றாள்.

அடுத்த ஞாயிறு கல்லோடு பெரிய பூட்டு ஒன்றும் சேர்ந்தது. எடை இன்னும் ஏறியது. கதவு மறுபடி அடித்தது.

“நாளைக்கு டியூட்டிக்குப் போகலாம்ல?”

“போகலாம். ஏலக்காயைச் சாக்கோட எடை போட்டா, அப்புறம் என்ன செய்வீங்க?”

“சாக்கு எடையைக் கழிப்பேன்.”

“கழிங்க.” கையை நீட்டினாள்.

“எதை?”

“நீங்க மெஷின்ல ஏறும்போதெல்லாம் கதவு அடிக்குது, இறங்குனா நிக்குது. காத்துக்கு ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் டியூட்டியா?”

கல்லும் பூட்டும் அவள் கைக்குப் போயின. மெஷின் முள் சரிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்ததைவிடக் குறைவு. பூமாரி திட்டவில்லை.

“என்னைய ஏமாத்திரலாம். புண்ணை எப்படிங்க ஏமாத்துவீங்க?”

அவள் கைசரைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினாள். அதை இறக்கிவிட்டுத் தனியாக ஏறினாள். மனசுக்குள் கழித்தாள்.

“போன மாசம் இதுக்கு ஊசி போட்டப்ப பதினாலு கிலோ. இப்ப பதினாறு. உங்க முட்டையெல்லாம் இங்கதான் இருக்கு.”

“அப்ப நான் கடைக்கு...?”

“எடை கூடுனவுகதான போகணும்? நாளைக்குக் கைசர் போகட்டும்.”

உரித்த முட்டையை என் கையில் வைத்தாள். மென்று தின்றேன். என் பங்காளி காலடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கடியையும் எடை போட்டுக்கொண்டிருந்தது.