சிவப்புக் கம்பளமும் பித்தளைப் படியும்

தாராவி, பம்பாய்.
2-7-1965.

மதிப்பிற்குரிய மச்சான் ஆறுமுகநயினார் அவர்களுக்கு, தங்கள் தங்கை சண்முகவடிவின் கணவன் பூதத்தான் வணக்கத்தோடு எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும், முறுக்கு அடுப்பும், புதிதாக வாங்கிய பழைய பிக்கப் வண்டியும் சுகம். அங்கு அனைவரின் சுகத்துக்கும் எழுதவும்.

தங்கள் தந்தி கிடைத்தது. வடிவை நான் நடுத்தெருவில் அழவைத்தேன் என்றும், அவளை அழைத்துப்போக ரயிலேறுவதாகவும் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து ஏறாதீர்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வண்டி வாங்கிய அன்றே அதன் கதவடி விளிம்பிலிருந்த துருத் தகரம் வடிவின் சேலையைக் கிழித்துவிட்டது. உள்ளே காலடியில் வெறும் இரும்பு. எஞ்சின் சூட்டில் தோசையே சுடலாம். விளிம்புக்குத் தகடும் காலுக்கு விரிப்பும் வாங்கலாமென்று இருவரும் குர்லாவில் முகம்மது ஹனீபின் மோட்டார் சாமான் கடைக்குப் போனோம். அவர் கடையையே தரையில் பரப்பிவிட்டார். எனக்கோ பளபளக்கும் பித்தளைத் தகட்டையும் சிவப்புக் கம்பளத்தையும் கண்டதும் மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை.

"மாவு சிந்துனா இத எப்படித் தொடைப்பீங்க? கறுப்பு ரப்பரை எடுங்க. படிக்கு அந்த வரிபோட்ட அலுமினியம் போதும்" என்றாள் வடிவு.

"நாலு பெரிய மனுசன் பாக்குத வண்டி. சும்மா இரு" என்றேன். தமிழே தெரியாத ஹனீப்கூட ரப்பரைத் தட்டிக் காட்டி அவள் பக்கம் தலையாட்டினார். இருவரும் சேர்ந்து எனக்கு எதிராகச் சதி செய்வதாக எண்ணி, கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மாட்டுங்காவில் ஒரு சங்கத்தின் ஆண்டு விழா. முன்னூறு பேருக்கு முறுக்கு. இது சரியாகப் போனால்தான் வண்டிக்கு இனி வேலை. வழியெல்லாம் மழை. கம்பளம் தண்ணீரைக் குடித்து நனைந்த ஆடு மாதிரி நாறியது. முறுக்கு டின்னோடு இறங்கப் பித்தளையில் கால் வைத்தேன். அடுத்து நான் கண்டது சங்கச் செயலாளர் வேங்கடசுப்ரமணியனின் செருப்பை. நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்கிறேன், நீட்டிய கைகளில் டின் மட்டும் பத்திரம்.

"அடடா, நமஸ்காரமெல்லாம் எதுக்கு? எழுந்திருங்கோ! இந்தக் காலத்துல இவ்வளவு மரியாதையா!" என்று மனிதர் கண்கலங்கிவிட்டார். இனிச் சங்கத்து விழா எல்லாவற்றுக்கும் எங்கள் முறுக்குதான் என்று அத்தனை பேர் முன்னிலும் சொல்லிவிட்டார்.

வடிவு வண்டிக்குள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு ரயிலேற ஓடிக்கொண்டிருந்த நம்மூர் சூசைமாணிக்கம் பார்த்தது அதைத்தான். நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அடுத்த நாள் கடைக்குப் போனதும் ஹனீப் என் முழங்கைக் கட்டைப் பார்த்தார். உடனே ரப்பரையும் அலுமினியத்தையும் எடுத்து வைத்தார். இப்போது வண்டியில் கிடப்பது வடிவு சொன்னதுதான். பாதுகாப்பாக ஏறி இறங்குகிறேன். வீட்டிலும் சிரிப்பு ஓயவில்லை.

பெரியவர்கள் பாதங்களுக்கு (இது வேண்டுமென்றே செய்யும்) நமஸ்காரம். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
பூதத்தான்.

பி.கு.: ரப்பர் விரிப்பையும் கழற்றியாயிற்று. பிரேக்குக்கும் காலுக்கும் நடுவில் எதுவும் கூடாதாம். ஆமாம் மச்சான், இன்று முதல் ஓட்டப் பழகுவது தங்கள் தங்கை. பழக்குவது ஹனீபின் மனைவி மெஹராஜ். முன்னால் இடமில்லை என்று என்னைப் பின்னால் டின்களோடு ஏற்றிவிட்டார்கள். கையெழுத்து கோணியிருந்தால் மன்னிக்கவும். செம்பூர்த் திருப்பத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது வடிவு ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஒரு பஸ்ஸை முந்திக்கொண்டிருந்தாள்.