ஆண் குதிரை இல்லாத ஊரில் ஒரு பிரசவம்

காரணம் சொல்லிகள் என்றோர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. அடையாளம் காண்பது சுலபம். கூரை ஒழுகினால் மழையின் குணத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஓடு மாற்ற மாட்டார்கள். வீட்டில் ஒரு தொல்லை வந்தால் மற்றவர்கள் அதற்கு வழி தேடுவார்கள். இவர்கள் காரணம் தேடுவார்கள்; அது கிடைத்ததும் தொல்லையே தீர்ந்துவிட்ட திருப்தியில் பிளேன்டீ குடிப்பார்கள்.

தரமான மாதிரி வேண்டுமானால் கண்டிப் பக்கத்து அலவத்துகொடைக்கு வாருங்கள். ஹாட்வெயார் கடை ஹபீல் ஹாஜியார் அங்கேதான் இருக்கிறார். கூடவே பேகமும் இருக்கிறாள். பேகம் என்பது நுவரெலியாவிலிருந்து லொறியில் வந்து இறங்கிய வெள்ளைக் குதிரை. அக்குறணையிலிருந்து கம்பளை வரை மாப்பிள்ளைமார் அவள் முதுகில் ஏறித்தான் பெண் வீட்டுக்குப் போவார்கள். கரப்பான் பூச்சிக்குப் பயந்தவன்கூட அங்கே ஏறி உட்கார்ந்தால் படைத் தளபதி மாதிரித் தெரிவான். பிள்ளையில்லாத ஹாஜியார் அவள்மேல் உயிரையே வைத்திருந்தார். காலையில் அவருடைய முதல் ஸலாம் லாயத்துக்கு; மனைவி ஸுமைராவுக்கு அடுத்தது.

அப்படிப்பட்ட பேகம் மெலியத் தொடங்கினாள். விலா எலும்பை எண்ணலாம். வயிறு மட்டும் பானை போல. மயிரில் மினுக்கம் போயிற்று. பின்புறத்தைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து, சுவரில் சுண்ணாம்பும் வாலில் மயிரும் சேர்ந்தே உதிர்ந்தன. முன்னங்கால் மயிரில் எள்ளைவிடச் சின்னதாக மஞ்சள் முட்டைகள் ஒட்டியிருந்தன. குதிரையோடு கூடவே வந்த பராமரிப்புக்காரர் சின்னமுத்து ஒவ்வொன்றாகக் காட்டி, இது வயிற்றுப் பூச்சி என்றார்.

ஹாஜியார் சிரித்தார். பூச்சி என்பது அடுத்தவர் வீட்டுக் குதிரைக்கு வருவதல்லவா? மெலிவுக்குக் காரணம், பனியில் வளர்ந்தவளுக்கு நம் ஊர்ப் புழுக்கம் ஒத்துக்கொள்ளாதது. வாலைத் தேய்ப்பது, கலியாண மேளம் நினைவுக்கு வருவதால். மஞ்சள் முட்டைகள், மாப்பிள்ளை மாலையிலிருந்து உதிர்ந்த பூந்தூள். வயிறு? வயிறு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பேகம் சினையாக இருக்கிறாள். மஹாவலியின் இரண்டு கரையிலும் தேடினாலும் ஓர் ஆண் குதிரை கிடைக்காது என்பது அவருக்கு இடைஞ்சலாகப் படவேயில்லை. கடலை ஊறவைக்கச் சொன்னார். பழைய சாரங்களைத் துவைத்து மடித்து வைத்தார், குட்டியைத் துடைக்க.

மருந்தே கொடுக்கவில்லை என்று அவர்மேல் பழி போடாதீர்கள். சின்னமுத்துவின் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு குழாய் பூச்சி மருந்து வாங்கினார். எடைக்கு ஏற்ற அளவு கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. முப்பது வருடம் சீமெந்து விற்றவருக்குத் தராசு எதற்கு? ஒரு கண்ணை மூடிப் பார்த்து, நாலு சீமெந்து மூடை, இருநூறு கிலோ என்றார். நாலு மூடைக்கு உரிய மருந்தைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஜாம் போத்தலுக்குப் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்.

அடுத்தது அவருடைய சிக்கனம். பசளைத் தட்டுப்பாட்டைக் கண்ணால் கண்ட மனிதர் லத்தியை வீணாக்குவாரா? காலையில் பேகம் போட்டதைச் சூடு ஆறுமுன் பின்வளவுப் புல்லில் பரப்பினார். அந்தப் புல்லையே பேகம் மேய்ந்தாள். உள்ளேயிருந்த பூச்சியின் முட்டை வெளியே வந்து, குஞ்சு பொரித்து, புல் நுனியில் ஏறிக் காத்திருந்து, மறுபடி உள்ளே போயிற்று. இத்தனை ஒழுங்கான பஸ் சேவை கண்டியில் வேறெந்தப் பாதைக்கும் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பேகம் கீழே விழுந்தாள். வியர்த்துக் கொட்டியது. உருண்டாள், வயிற்றை உதைத்தாள், திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தாள்.

"மொதலாளி, இது குடல் வலிங்க. டொக்டரக் கூப்பிடுங்க," என்றார் சின்னமுத்து.

"பொறுங்க. தலைக்குட்டி. கொஞ்சம் கஷ்டப்படத்தான் செய்யும்," என்று ஹாஜியார் சாரங்களை விரித்தார்.

ஸுமைரா வாசலில் வந்து நின்றாள். "ஆம்புளக் குதிரையே இல்லாத ஊர்ல இவளுக்கு எங்கயிருந்து குட்டி வந்தீக்கி? அந்தச் சாரத்தக் கீழ வெச்சிட்டு போனத் தாங்க."

கண்டியிலிருந்து மிருக வைத்தியர் நிரோஷினி வந்தார். ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். இனிக் குடல் வழிவிட வேண்டும், இல்லாவிட்டால் நம்பிக்கையில்லை என்றார். பிறகு நாடாவால் நெஞ்சைச் சுற்றி அளந்தார்.

"நானூறு கிலோ. நீங்க எவ்வளவுக்கு மருந்து குடுத்தீங்க ஹாஜியார்?"

எட்டு மூடை. ஹாஜியார் வாயைத் திறந்தார். காரணம் எதுவும் வரவில்லை. குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜும்ஆத் தொழுகைக்குப் போய்வந்த நேரம் தவிர அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிய, பேகம் தடுமாறி எழுந்தாள். வாலைத் தூக்கினாள். லத்தி போட்டாள். தலைப்பிள்ளை பிறந்த எந்தத் தகப்பனும் அப்படி விம்மி அழுததில்லை.

நிரோஷினி அதில் கொஞ்சம் எடுத்துப்போய் நுண்ணோக்கியில் பார்த்தார். பூச்சி முட்டைகளை எண்ணிக் கண் களைத்ததாம். குதிரை தேறியதும் முழு அளவு மருந்து, இரண்டு வாரத்தில் மறுபடி லத்திப் பரிசோதனை, இரண்டு நாளுக்கு ஒருமுறை புல்லிலிருந்து லத்தியை அள்ளிக் குவிப்பது, அது சூடேறி மக்கிய பிறகே வாழைக்குப் போடுவது, தீனியை நிலத்தில் கொட்டாமல் தொட்டியில் வைப்பது, கால் மயிரிலுள்ள முட்டைகளை மொட்டைக் கத்தியால் வழிப்பது என்று எழுதிக் கொடுத்தார், ஸுமைராவின் கையில்.

இப்போது பேகம் பளபளக்கிறாள். ஹாஜியாரோ கடைக்கு ஆணி வாங்க வருகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்துக் குடற்பூச்சி பற்றிப் பாடம் எடுக்கிறார். பூச்சிதான் என்று முதல் நாளே அவருக்குப் பட்டதாம். ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டால் அதற்கும் ஒரு காரணம் உண்டு. கண்டுபிடித்த பெருமை கைமாறிச் சின்னமுத்துவின் மனம் நோகக்கூடாதாம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டிலும் நாயோ பூனையோ பேரப்பிள்ளையோ இருக்குமே, கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்தது எப்போது? "அது வந்து..." என்று இழுக்கிறீர்களே. வெட்கம். ஹாஜியார் என்றால் இதற்குள் மூன்று காரணம் சொல்லியிருப்பார்.