பதினாறு சுண்ணாம்புக்கற்கள்

ஒரு பொருளைப் பாதுகாக்கிறேன் என்று யாராவது புறப்பட்டால், முதலில் அந்தப் பொருளை அவரிடமிருந்து பாதுகாக்க வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன். அப்படிப் புறப்பட்டவன் நான்தான்.

பட்டம் முடித்து வீட்டில் சும்மா இருந்தபோது, யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தின் பழைய நிலவியல் வரைபடங்களையும் கனிமப் பதிவேடுகளையும் கணினியில் ஏற்றி இணையத்தில் போடும் வேலை கிடைத்தது. நேர்முகத்தில், பாறைகளைப் பற்றித் தெரியுமோ என்று கேட்டார்கள். கொஞ்சம் தெரியும் என்றேன். (அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வித்தியாசம் தெரியும்.)

எங்களுக்கு மேலதிகாரி பத்மலோஜினி மிஸ். அவர் சத்தம் போடமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அதுவே போதும். களஞ்சியத்துக்குப் பொறுப்பு, குருநகர் அந்தோனிப்பிள்ளை அண்ணை. கடலோடிக் குடும்பத்தில் பிறந்தும், வள்ளத்தில் ஏறினாலே வாந்தி என்பதால் கரையில் வேலை தேடிக்கொண்டவர்.

அன்று பின்னேரம் மூன்று மணிக்குக் கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாக இருந்தது. வடகரையில் ஓர் ஊருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் அகழ யாரோ அனுமதி கேட்டிருந்தார்கள். ஆழமாக வெட்டினால் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறெல்லாம் உவராகிவிடும் என்று ஊர்ச்சனம் பயந்தது. அதற்கு அபிப்பிராயம் எழுதத்தான் அவர் வந்தார். பார்க்கப்போவது, பல வருடங்களுக்கு முன் அந்த இடத்தில் குழாய் இறக்கித் துளைத்து எடுத்த கற்களை. கரும்புத் துண்டு மாதிரி உருளையான கற்கள். ஒரு மரத்தட்டின் குழிகளில், எத்தனையாம் அடியில் கிடைத்தனவோ அந்த ஒழுங்கிலேயே அடுக்கியிருந்தன. அடிக்கணக்கு தட்டில்தான் எழுதியிருந்தது. கற்களில் ஒன்றும் இல்லை.

காலையில் நான் வரைபடங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருடம் சுருட்டிக் கிடந்த தாள்கள், விரித்தால் திரும்பச் சுருண்டன. மின்விசிறி வேறு அவற்றைத் தூக்கியது. சுற்றிப் பார்த்தேன். பக்கத்திலேயே நல்ல பாரமான கற்கள், கைக்கு அடக்கமாக. மூலைக்கு ஒன்று வைத்தேன். பிறகு ஓரங்களுக்கும். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு மத்தியானம் சாப்பிடவும் போனேன்.

திரும்பி வந்தபோது அந்தோனிப்பிள்ளை அண்ணை தட்டுக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, உதிலை இருந்த கல்லுகள் எங்கை?"

"இந்தா, படங்களுக்கு மேலை கிடக்கு அண்ணை."

"எது எந்தக் குழிக்குள்ளை இருந்தது?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு விளங்கியது. எண்ணிப் பார்த்தேன். பதினாறு. பதினாறும் பெற்றால் பெருவாழ்வு என்பார்கள். எனக்குப் பெருவியர்வைதான் வந்தது. மணி ஒன்றே முக்கால்.

மிஸ்ஸிடம் சொல்வோமா என்று கேட்டேன். அவர் பேராசிரியரைக் கூட்டிவரப் போய்விட்டார், வரமுதல் அடுக்கிப் பார்ப்போம் என்றார் அண்ணை. உடைந்த பிஸ்கட்டைப் பொருத்துவதுபோல ஒவ்வொரு கல்லின் நுனியையும் மற்றதோடு பொருத்தினோம். அவசரத்தில் ஒரு கல்லை அண்ணையின் காலில் போட்டேன். அவர் கத்தவில்லை. மாதாவை மட்டும் மெல்ல ஒருமுறை கூப்பிட்டார்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பதினாலு பொருந்திவிட்டன. இரண்டு மிஞ்சின. இரண்டும் நுனி தேய்ந்தவை. ஒன்று வெறும் வெள்ளை. மற்றதில் ஓர் ஓட்டை, ஓட்டைக்குள் செம்மண். தட்டிலும் இரண்டு குழிகள் வெறுமையாக இருந்தன: ஒன்று மேல் வரிசையில், மற்றது எல்லாவற்றுக்கும் அடியில்.

"எதையாவது எதுக்குள்ளையாவது வையும். கல்லு எழும்பி வந்து சாட்சி சொல்லாது" என்றார் அண்ணை.

வாசலில் வாகனச் சத்தம். செம்மண் கல்லை அடிக்குழியில் வைத்தேன்.

பேராசிரியர் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசிக் கல்லில் நின்றார். கையில் எடுத்தார். முகம் மலர்ந்தது. இவ்வளவு ஆழத்தில் இப்படி ஒரு ஓட்டை இருந்தால் கடல்நீருக்கு அதுவே வழி, இந்த ஒரு கல்லே போதும் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

ஊருக்கு நல்லதுதானே, பேசாமல் இரு என்றது மனம். பிறகு யாராவது இதைப் பிழையென்று பிடித்தால் அந்த ஊரின் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்றும் அதே மனம்தான் சொன்னது. அண்ணை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேர், அதை எழுதாதேங்கோ" என்றேன். "அது எந்த இடத்துக் கல்லெண்டு எனக்குத் தெரியாது. நான்தான் மாத்தி வைச்சனான்."

மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

முழுக்கதையையும் சொல்லி முடித்தேன். பேராசிரியர், துளைத்தபோது கையால் எழுதிய பதிவேடு ஒன்று இருக்குமே என்றார். இருந்தது. என் கணினியிலேயே இருந்தது. போன கிழமை ஒவ்வொரு பக்கமாக நானே ஏற்றியது. திறந்தோம். எந்த அடியில் எந்தக் கல், என்ன நிறம், எதில் ஓட்டை என்று எல்லாம் அழகான எழுத்தில் இருந்தது.

"கோகுலன், நீர் இதை வாசிக்கேல்லையோ?" என்று கேட்டார் மிஸ்.

"ஸ்கான் பண்ணினனான், மிஸ்."

செம்மண் கல் மேல் வரிசையைச் சேர்ந்ததுதான். பேராசிரியர் தன் குறிப்பை வெட்டினார். ஆனால் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை வாசித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசிக் கல்லுக்கும் கீழே, துளைக்கும்போது ஊற்றிய நீர் திரும்பி மேலே வரவில்லை என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் அடியில் வெற்றிடம், கடல்நீருக்கு வழி. வெற்றிடத்திலிருந்து எந்தக் கல் வரும்? ஊருக்கு வேண்டிய ஆதாரம் தட்டில் இருக்கவில்லை; நான் வாசிக்காத அந்த ஒற்றை வரியில் இருந்தது.

மிஸ் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்தத் துளையின் பதிவில் ஒரு குறிப்புச் சேர்க்கச் சொல்லி, வார்த்தை வார்த்தையாகச் சொல்லச்சொல்ல, என்னைக் கொண்டே தட்டச்சடிப்பித்தார்: 'பதினாறு கற்கள் கவனக்குறைவால் இடம் மாறின. பதிவேட்டின்படி மீள அடுக்கப்பட்டன.' கீழே என் முழுப்பெயர். எந்தக் காலத்திலும் அழியக்கூடாது என்று நான் பாடுபட்டு ஏற்றிய ஆவணங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

சில வருடங்கள் கழித்து இணுவிலில் இருந்து எனக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். பெண்ணின் தகப்பன் ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். விசாரிக்க ஊருக்குள் ஆள் அனுப்பவில்லை. இணையத்தில் என் பெயரைத் தேடினார். அகப்பட்டது அந்த ஒரு குறிப்புத்தான். அதை அச்செடுத்து மடித்துக்கொண்டு வந்து என் அம்மாவிடம் நீட்டி, இது உங்கடை மகன்தானோ என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். ஓம் என்றேன். பிழையைத் தன் பெயரிலேயே எழுதி வைத்தவனுக்குப் பெண் கொடுக்கலாம் என்றார் அவர்.

கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. இன்றைக்கும் குசினியில் அடுக்கியிருக்கும் மிளகாய்த்தூள் பேணி ஒன்றை நான் நகர்த்தினால், உள்ளிருந்து மனைவியின் குரல் வரும்: "வைச்சிட்டு அங்காலை போங்கோ. பிறகு கொழும்பிலை இருந்து சேர் வரவேணும்."