ஓட்டைக்குக் காவல் இருந்தவர்

திண்டுக்கல் வட்டாரத்தில் தண்ணீரைச் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ஓட்டை சார்தான். மற்றவர்கள் குழாயில் காற்று வந்தால்கூட அதற்கும் ஒரு குடத்தை வைத்துப் பார்ப்பார்கள். அவரோ தண்ணீரைக் கண்டாலே, அது எப்போது கிளம்பும் என்று கேட்பார்.

தாடிக்கொம்பு ரோட்டில் எங்கள் காலனி. நாற்பத்தாறு வீடுகள். மேட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் என் வீடு நாற்பத்தாறாவது. ஐப்பசி மழையில் இரண்டு முறை வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டாம் முறை, மூட்டுவலியில் நடக்க முடியாத என் மனைவியைச் சாப்பாட்டு மேசை மேல் உட்கார வைத்தேன். சென்னையில் இருக்கும் மகன் போனில் முடிவாகச் சொல்லிவிட்டான். "இன்னொரு தடவை தண்ணி வந்துச்சுன்னா வீட்டை வித்துருவோம்ப்பா. ரெண்டு பேரும் இங்க வந்துருங்க." அவன் வீடு ஒன்பதாவது மாடி. லிஃப்ட் என்றாலே எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஓட்டை சார் அரசாங்க இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மேட்டில் மூன்றாவது வீடு அவருடையது. சங்கத்துக்கென்று விட்டிருந்த காலி மனையில் குளம் வெட்டலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். எல்லோரும் கை தட்டினோம். அடுத்த கூட்டத்துக்கு ஒரு பிரியாணி அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் அடியில் ஓர் ஓட்டை போட்டிருந்தார்.

"இதுதான் நம்ம குளம்" என்று சொல்லி, அண்டாவுக்குள் வாளித் தண்ணீரைக் கொட்டினார். "மழ மொத்தமா வரும். ஓட்ட வழியாக் கொஞ்சங்கொஞ்சமாப் போகும். மறுநாளு குளம் காலி."

"காலியா?" என்றார் சங்கத் தலைவர். "மழக்காலத்துலயுமா?"

"மழக்காலத்துலதான் காலியா இருக்கணும். அடுத்த மழைக்கு எடம் வேணும்ல?"

ஜெயமேரி டீச்சர் எழுந்தார். "குளத்த வெட்டி, அதுல ஓட்டையும் போடுறதுக்கு வெட்டாமலே இருந்துரலாமே சார்?"

சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் துள்ளி எழுந்தார். அண்டாத் தண்ணீர் ஜமுக்காளத்தின் அடியில் ஓடி, அவர் வேட்டியின் பின்பக்கத்தை நனைத்திருந்தது. ஓட்டை சார் அதை அக்கறையோடு ஆராய்ந்தார். "ஓட்ட கொஞ்சம் பெருசாப் போச்சு. பெருசாப் போட்டா பள்ளத்துல உக்காந்திருக்கவரு நனைவாரு. சிறுசாப் போட்டா அடுத்த மழைக்குள்ள காலியாகாது. அளவுலதான் இருக்கு எல்லாம்."

பள்ளத்தில் குடியிருப்பவன் நான். குளத்துக்குச் சம்மதம் என்று முதல் கையை நான்தான் தூக்கினேன். அன்றைக்கே அவருக்கு அந்தப் பெயரும் வந்துவிட்டது.

குளம் வெட்டத் தொடங்கியதும் சந்தேகம் என் பக்கம் வந்தது. கிராவல் மண் டிப்பர் டிப்பராகப் போகிறதே, ஆள் மண்ணை விற்கிறாரோ? ஒரு நாள் என் மொபெட்டில் பின்தொடர்ந்தேன். வண்டி அகரம் ரோடு வரைக்கும் போய், ஒரு சுற்றுச் சுற்றி, எங்கள் காலனிக்கே திரும்பி வந்து, குளத்தின் கீழ்க்கரையில் மண்ணைக் கொட்டியது. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து ஓட்டை சார் இறங்கினார். மண்ணை டிரைவர் விற்றுவிடுவாரோ என்று அவருக்குச் சந்தேகமாம். அதனால் கூடவே போய் வருகிறாராம்.

"ஏன் சார், சுத்திக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"பின்னாடி ஒரு மொபெட் வந்துச்சு. யாருன்னு பாக்கத்தான்."

குளம் நன்றாகவே அமைந்தது. சரிவான கரை, அடியில் புல், தாழ்ந்த மூலையில் வாய்க்காலுக்குப் போகும் ஒரு குழாய். வெயில் நாளில் பிள்ளைகள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். ஓட்டை சார் குழாயின் வாய்க்குக் கம்பி வலை போட்டு, பூட்டும் போட்டு, எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஆடு மேய்ந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். மனிதர் யாராவது சாக்குப் பையோடு அந்தப் பக்கம் போனால் விட மாட்டார். நிலக்கோட்டையிலிருந்து மல்லிகைப்பூ கொண்டுவரும் அம்மாவின் பையை இரண்டு முறை திறந்து பார்த்தார். "ஏன் சாமி, பூவ வச்சா ஓட்டய அடைப்பேன்?" என்று அந்த அம்மா கேட்டதற்கு, "யாரு கண்டா?" என்றார்.

முதல் மழையில் குளம் நிரம்பியது. காலனியே திரண்டு வந்து மஞ்சளும் பூவும் தூவிக் கும்பிட்டது. மறுநாள் மாலை அங்கே புல்லும் சகதியும்தான் இருந்தன. இழவு வீட்டுக்கு வந்தவர்கள்போல எல்லோரும் கரையில் நின்றார்கள்.

அடுத்த மழைக்கும் குளம் நிரம்பியது. இந்த முறை காலியாகவில்லை. ஓட்டை சார் உள்வாயைப் பார்த்தார். பூட்டு அப்படியே இருந்தது. கரையைச் சுற்றிக்கொண்டு ஓடினார்; பின்னாலேயே காலனியும் ஓடியது. கரைக்கு அந்தப் பக்கம் குழாயின் வெளிவாயில் ஒரு மணல்மூட்டை பொம்மென்று செருகிக் கிடந்தது. உள்வாயைப் பூட்டியவர் வெளிவாயை மறந்திருந்தார்.

"நாங்கதான் அடச்சோம்" என்றார் ஜெயமேரி டீச்சர், கொஞ்சமும் கூசாமல். "போர்ல தண்ணி ஏறிருக்கு சார். கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமே."

"வானத்தப் பாருங்க டீச்சர்." சிறுமலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. "அம்புட்டும் இன்னக்கி எறங்கப் போகுது. குளத்துல எடம் எங்க இருக்கு?"

"வந்தா வழிஞ்சு போகட்டும்" என்றார் தலைவர்.

"வழிஞ்சு எங்க போகும்?"

எல்லோரும் திரும்பி என் வீட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஜன்னல் வழியாக என் மனைவி, என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு யாரும் எங்களைத் தடுக்கவில்லை. உதவிக்கும் வரவில்லை. இரண்டு கிழவர்கள் ஆளுக்கொரு காதைப் பிடித்து மூட்டையை இழுத்தோம். "சேந்து இழுங்க சார், தனித்தனியா இழுக்காதீங்க!" என்று கத்தினார் ஓட்டை சார். மூட்டை பிடுங்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே சீறிவந்த தண்ணீர் அவரை மல்லாக்கத் தள்ளியது. கண்ணாடி வாய்க்காலோடு போனது. சேற்றில் கிடந்தபடியே, "வேகமாப் போகுதா? எனக்குத் தெரியல, பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மழை வருவதற்குள் குளம் பாதிக்குமேல் வடிந்திருந்தது. பிறகு பேய்மழை. குளம் மறுபடி நிரம்பி, கரைக்கு ஒரு சாண் கீழே நின்றது. என் வீட்டு வாசலில் நான்கு படிகள். வாய்க்கால் தண்ணீர் முதல் படியை நனைத்தது. அங்கேயே செத்த நேரம் யோசித்தது. அப்புறம் இறங்கிப் போய்விட்டது.

காலையில் தலைவர் வந்தார். "மழ ஒண்ணும் அம்புட்டுப் பெருசு இல்ல போல. ஒங்க வீட்டுக்கே தண்ணி வரலயே!"

ஓட்டை சார் என் காதோரம் குனிந்தார். "இவரு ஏன் இம்புட்டுச் சந்தோசமாப் பேசுறாரு? வெளிவாய ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க."

போன வருஷம் அவர் மகள் வந்து அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்விட்டாள். திண்டுக்கல்லில் மழை என்று டிவியில் சொன்னால் போதும், உடனே போன் வரும். என் உடம்பைப் பற்றியோ, என் மனைவியின் மூட்டுவலியைப் பற்றியோ இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஓட்ட சுத்தமா இருக்கா?"

"இருக்கு சார்."

"சும்மா சொல்லாதீங்க. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

குடையை எடுத்துக்கொண்டு இறங்குவேன். போகிற வழியெல்லாம் அவர் திட்டிக்கொண்டே வருவார். நானும் பதில் சொல்லிக்கொண்டே போவேன். முதல் தூறலிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நான் என்பதை மட்டும் இதுவரை சொன்னதில்லை. சொன்னால் உடனே போனை வைத்துவிடுவார்.